வாரண்டி முடிஞ்ச காத்தாடிகள்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த விஷயம். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோ காபியோ கையில் வச்சுக்கிட்டு உட்காருங்க :-)

மதுரையில் எங்களுக்குக் காற்று என்றால் ஆடிக் காற்றுதான். அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் ஊருக்குள் ஒரு காற்றாலையும் கிடையாது. மேற்கே உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாயில் இறங்கினால் வரிசையாக நிற்கும். தெற்கே கோவில்பட்டி தாண்டினால் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. அங்கே இன்னும் பழைய வரிசை. பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கிறோம், பத்து சுற்றினால் இரண்டு சும்மா நிற்கிறது. "காத்து இல்லை போல"ன்னு சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

பக்கத்தில் எட்டு சுற்றும்போது இரண்டுக்கு மட்டும் எப்படிக் காற்று இல்லாமல் போகும்? நின்றதற்கு வேறு காரணம் இருக்கும். பல சமயம் அது வாரண்டி முடிந்த கதையாக இருக்கும். அந்தக் கதையின் சரித்திரம்தான் இந்தப் பதிவு.

மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஒரு காத்தாடி

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. 1970களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்தில் ஒரு காற்றாடி கட்டினார்கள். கட்டியவர் மார்க்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர், நியூ ஆல்கெமி இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பைச் சேர்ந்தவர். கரண்டு எடுக்க அல்ல, கிணற்றுத் தண்ணீர் இறைக்க. நடுவில் மாட்டு வண்டிச் சக்கரம், அதை ஒரு மோட்டார் வண்டியின் அச்சில் மாட்டியிருந்தார்கள். இறக்கைக்கு மூங்கில், அதன் மேல் பாய்மரம் மாதிரி துணி.

சிரிக்காதீங்க. இதில் ஒரு பெரிய புத்தி இருக்கிறது. துணி கிழிந்தால் தையல்காரர் தைப்பார். மூங்கில் ஒடிந்தால் வேறு மூங்கில். சக்கரம் போனால் ஊர் ஆசாரி. வாரண்டி என்ற சொல்லே வேண்டாம், ரிப்பேர் செய்கிறவர் நடந்து வரும் தூரத்தில் இருக்கிறார்.

அதற்கு முன்பே, 1960களில், பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வகம் தண்ணீர் இறைக்கும் இரும்புக் காற்றாடி ஒன்றை வடிவமைத்து நாட்டின் பல இடங்களில் நிறுத்தியது. இயந்திரம் மோசமில்லை. ஆனால் ஒரு போல்ட் கழன்றால் யாரிடம் போவது என்று விவசாயிக்குத் தெரியாது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலே பல நின்றுபோயின. நம் நாட்டுக் காற்றாலை சரித்திரத்தின் முதல் பாடம் இது. அடுத்த அறுபது வருஷமும் இதே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தோம்.

முள்ளக்காட்டிலிருந்து முப்பந்தல் வரை

தமிழ்நாட்டில் கரண்டு எடுக்கும் காற்றாலைப் பண்ணை முதலில் வந்தது 1986இல், தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில். 55 கிலோவாட் இயந்திரங்கள் பத்து, ஆக மொத்தம் 550 கிலோவாட். இன்று ஒரே ஒரு காற்றாலை இதைப் போல ஐந்தாறு மடங்கு தரும். அடுத்து டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு 1990 வாக்கில் கயத்தாறிலும் முப்பந்தலிலும் சேர்த்து 10 மெகாவாட். இவை எல்லாம் செய்து காட்டுவதற்காக அரசு நட்டவை. மின்வாரிய ஆட்கள் ஏணியில் ஏறி, டேனிஷ் கையேட்டைப் பார்த்து, தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்ட காலம்.

"காத்துல காசு வருது" என்று தெரிந்ததும் தனியார் வந்தார்கள். இங்கேதான் கதை திரும்புகிறது.

மார்ச் 31 காத்தாடி

தனியாரை இழுத்தது காற்று மட்டும் இல்லை. வருமான வரியும்தான். காற்றாலை வாங்கினால் முதல் வருஷமே விலை முழுவதையும் தேய்மானமாகக் காட்டலாம், நூற்றுக்கு நூறு. லாபத்தில் ஓடும் பஞ்சாலைக்கு இதைவிட இனிப்பு ஏது? கோயம்புத்தூர், ராஜபாளையம், மதுரை, தேனி வட்டார மில்காரர்கள் வாங்கினார்கள். பின்னாளில் ஜவுளிக்கடை முதலாளி, டாக்டர், நகைக்கடைக்காரர் என்று ஒற்றைக் காத்தாடி முதலாளிகளும் சேர்ந்தார்கள்.

விதி என்ன? நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம்தான். அதனால் செப்டம்பர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் நிறுத்தி முடிக்க ஒரே அடிதடி. இங்கே ஒரு கேள்வி. மார்ச் 31க்குள் சுற்றியே ஆகவேண்டும் என்று அவசரமாக நட்ட இயந்திரத்தில், போல்ட்டை எல்லாம் அளவு பார்த்து முறுக்கியிருப்பார்களா?

அதைவிட முக்கியமானது வாங்கியவர் மனசு. வரி மிச்சமான அன்றே அவர் பார்வையில் பாதிப் பணம் திரும்பி வந்துவிட்டது. அப்புறம் 20 வருஷம் அது ஓடுமா என்பது யார் கவலை? 1996இல் குறைந்தபட்ச மாற்று வரி வந்தது, சந்தை படுத்தது. தேய்மானச் சலுகை பிற்பாடு 80 சதவீதமாகி, 2012 ஏப்ரலில் எடுக்கப்பட்டு, 2014இல் திரும்பி வந்து, 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதமானது. ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விற்பனை ஆடியது. விற்பனை ஆடினால் விற்றவன் ஆடுவான். விற்றவன் ஆடினால் சர்வீஸ் ஆடும்.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1980களில் இதே மாதிரி வரிச்சலுகைக்காகக் காற்றாலைகளை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். 1985 முடிவில் சலுகை போனது. அடுத்த வருஷமே உற்பத்தியாளர்கள் வரிசையாகக் கவிழ்ந்தார்கள். இன்றைய ஜாம்பவான் வெஸ்டாஸே 1986இல் கடன் கட்ட முடியாமல் விழுந்து, 1987இல் காற்றாலைத் தொழிலை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்தது. முள்ளக்காட்டில் நாம் முதல் காத்தாடியைச் சுற்றவிட்ட அதே 1986!

கியர்பாக்ஸை எது கொன்னது?

காற்றாலை இறக்கை நிதானமாகச் சுற்றும். அந்தக் காலத்து இயந்திரத்தில் நிமிடத்துக்கு 30, 40 சுற்று. ஜெனரேட்டருக்கு வேண்டியதோ 1000 அல்லது 1500 சுற்று. இடையில் இருந்து இதை ஏற்றிக் கொடுப்பது கியர்பாக்ஸ். இயந்திரத்திலேயே அதிகம் அடிபடுவதும், மாற்றச் செலவு அதிகமாவதும் அதுதான். வடிவமைப்பு ஆயுள் 20 வருஷம் என்று எழுதியிருக்கும். உலகம் முழுக்கப் பாதியிலேயே போனவை ஏராளம். 1999 வாக்கில் டென்மார்க்கின் நெக் மைக்கான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களில் கியர்பாக்ஸைச் சரிசெய்ய வேண்டி வந்து, கம்பெனியே ஆட்டம் கண்டது.

நம்மூரில் இன்னொரு எமன் இருந்தான். கிரிட். 1990களில் தென்னக மின்தொடரின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்காது, 48க்குப் பக்கத்தில் இறங்கும். கிராமத்துக் கம்பிகளில் மின்னழுத்தம் தள்ளாடும். காற்று பலமாக அடிக்கும் நேரத்திலேயே லைன் டிரிப் ஆகும். லைன் போனால் இறக்கையைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை, பிரேக் பாய்ந்து பிடிக்கும். முழு வேகத்தில் போகும் லாரியைத் தடாலென்று நிறுத்தினால் எப்படி? அந்த அடி முழுக்க கியர் பல்லுக்கு. டென்மார்க்கில் எப்போதோ ஒருமுறை நடப்பது இங்கே சீசனில் அடிக்கடி நடந்தது.

இந்த அடி அன்றைக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. பல்லில் மயிரிழை விரிசல் விழும். எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் சேரும். முதல் வருஷம், இரண்டாம் வருஷம் நன்றாகத்தான் ஓடும். அதுவரைதான் வாரண்டி. அடி விழுவது வாரண்டி காலத்தில், உடைவது முதலாளி காலத்தில்.

வாரண்டி கொடுத்தவனே போயிட்டா?

வாரண்டி முடிந்ததும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், நம் பாஷையில் ஏ.எம்.சி. இயந்திரம் விற்ற கம்பெனியே பார்த்துக்கொள்ளும், கட்டணம் வருஷா வருஷம் ஏறும். சரி, அந்தக் கம்பெனியே இல்லாமல் போனால்?

1990களின் பெரிய பெயர் சென்னையின் என்.இ.பி.சி. மைக்கான். முப்பந்தல் பக்கம் அவர்கள் நட்டது ஏராளம். அந்தக் குழுமம் விமானக் கம்பெனியும் நடத்தியது, 1997இல் விமானங்கள் நின்றுபோயின. குழுமம் தளர்ந்தது.

அடுத்து என்ர்கான் இந்தியா. ஜெர்மன் கம்பெனியும் மும்பைக் குடும்பம் ஒன்றும் 1994இல் கூட்டுச் சேர்ந்தது. கியர்பாக்ஸே இல்லாத இயந்திரம். "கியர் இல்லையா, அப்ப தொல்லையே இல்லை"ன்னு பலர் நிம்மதியாக வாங்கினார்கள். கூட்டாளிகள் பிணங்கினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெயர் விண்ட் வேர்ல்டு இந்தியா ஆனது. 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கை தொடங்கியது. 2019இல் சென்னையின் ரீஜென் பவர்டெக்கும் அதே பாதையில் போனது, அதுவும் கியர் இல்லாத ரகம்தான். கியர் இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டு அட்டைகள் இருக்கின்றனவே! அந்த எலெக்ட்ரானிக் போர்டு செய்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சின்ன அட்டை ஒன்று போனாலும் 75 மீட்டர் கோபுரம் மொத்தமும் சும்மா நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பண்ணையில் காத்தாடி உங்களுடையது. துணை மின்நிலையம், அதுவரை போகும் கம்பி, மண் சாலை, கணினிக் கண்காணிப்பு எல்லாம் பல இடங்களில் விற்ற கம்பெனி கையில். வீடு உங்களுடையது, வாசல்படி அவனுடையது என்கிற மாதிரி. காசு கட்டி வாங்கிய இயந்திரத்தின் கண்ட்ரோலர் பாஸ்வேர்டுகூட முதலாளியிடம் இருக்காது.

கிரேனும் கரிசலும்

இப்போது காலண்டரைப் பாருங்கள். வருஷ உற்பத்தியில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பர் வரை. ஜூன் மாதம் கியர்பாக்ஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரேன் வேண்டும். ஆனால் காற்று பலமாக அடிக்கும்போது கிரேன் தூக்கக்கூடாது. காற்று தணியும் விடியற்காலைக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். அதாவது எந்தக் காற்றுக்காக இயந்திரம் வேண்டுமோ, அந்தக் காற்றே அதைச் சரிசெய்ய விடாது.

சரி, அக்டோபரில் செய்யலாம் என்றால் வடகிழக்குப் பருவமழை. கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரம் கரிசல் பூமி. மழை பெய்தால் மனுஷன் செருப்பே கழன்று உள்ளே போகும், நூற்றுக்கணக்கான டன் கிரேன் எங்கே நிற்பது? ஆக, பெரிய வேலைக்கு நிம்மதியான காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டும். அந்த நாலு மாதத்தைத் தவறவிட்டவன் சீசனில் சாமியைக் கும்பிட வேண்டியதுதான்.

ஒரு உதாரணக் கணக்கு. 250 கிலோவாட் இயந்திரம், சீசனில் சராசரியாக 100 கிலோவாட் தருகிறது. ஒரு நாளைக்கு 2,400 யூனிட். யூனிட் 3 ரூபாய் என்றால் 7,200 ரூபாய். சீசனில் 60 நாள் நின்றால் 4,32,000 ரூபாய் போச்சு. ரிப்பேர் செலவு தனி. சொந்த மில்லுக்கு எடுப்பவர் என்றால் அந்த கரண்டை அதிக விலைக்கு மின்வாரியத்திடம் வாங்க வேண்டும், அது இன்னொரு அடி.

ஒப்பந்தத்தில் "95 சதவீதம் இயங்கும் நிலையில் வைப்போம்" என்று எழுதியிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 5 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 18 நாள். அந்த 18 நாள் டிசம்பரில் வந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஜூனில் வந்தால் 43,200 யூனிட் காலி. காகிதத்தில் இரண்டும் ஒன்றே! விவரம் தெரிந்தவர்கள் சீசனுக்குத் தனிக்கணக்கு கேட்டு ஒப்பந்தம் போட ஆரம்பித்தது பட்டுத் தெரிந்த பிறகுதான்.

டேனிஷ்காரன் செஞ்சது

டென்மார்க்கில் 1978இல் காற்றாலை உரிமையாளர்கள் சங்கம் தொடங்கினார்கள். அவர்களும் விவசாயிகள், ஊர்க்கூட்டுறவுகள், சின்ன ஆட்கள்தான். அவர்கள் செய்த காரியம் எளிமையானது. யார் இயந்திரம் எவ்வளவு கரண்டு தந்தது, எது உடைந்தது என்று மாதாமாதம் தங்கள் பத்திரிகையில் போட்டார்கள். எந்தக் கம்பெனி இயந்திரத்தில் எது கோளாறு என்று எல்லாருக்கும் தெரிந்தது. மட்டமாகச் செய்தவன் தப்பிக்க முடியவில்லை, நன்றாகச் செய்தவன் வளர்ந்தான். டேனிஷ் இயந்திரம் உலகத்தை ஜெயித்ததில் இதற்கும் பங்கு உண்டு.

நம்மூரிலும் 1996இல் இந்தியக் காற்றாலை சங்கம் வந்தது. மின்வாரிய பாக்கி, கட்டணம், சட்டப் பிரச்சினை என்று நிறையப் போராடியிருக்கிறார்கள். ஆனால் அவரவர் கியர்பாக்ஸ் போன கதையை ஊரறியச் சொல்லும் பழக்கம் இங்கே வேர்பிடிக்கவில்லை. "நம்ம மில்லுல காத்தாடி நின்னுபோச்சுன்னு வெளியே தெரிஞ்சா கௌரவம் என்னாவுறது?" இந்த மௌனத்துக்குக் கொடுத்த விலை அதிகம் என்று நினைக்கிறேன். பக்கத்துத் தோட்டத்தில் மூணு வருஷம் முன்னால் வந்த அதே நோய் நம் இயந்திரத்துக்கும் வரும்வரை யாருக்கும் தெரியாது.

ஒத்தைக் காத்தாடியும் கூட்டுக் குடும்பமும்

வருஷத்துக்கு 20 இயந்திரத்தில் ஒன்றுக்குப் பெரிய கோளாறு வரும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சரிசெய்ய 20 லட்சம். ஒத்தைக் காத்தாடி முதலாளிக்கு இது சூதாட்டம், ஒன்று செலவே இல்லை அல்லது தலையில் இடி. அதே 40 பேர் ஒன்று சேர்ந்தால் வருஷத்துக்குச் சராசரி 2 கோளாறு, 40 லட்சம், தலைக்கு ஒரு லட்சம். சீட்டுக் கட்டுகிற மாதிரி எடுத்து வைக்கலாம். ஒரு கியர்பாக்ஸை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம், கிரேனை ஒரே தடவை கூப்பிட்டு நாலு வேலை முடிக்கலாம். ஆபத்து மொத்தத்தில் குறையவில்லை, ஆனால் யாரையும் சாய்க்காத அளவுக்குப் பிரிந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்காரன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை என்பதையும் சொல்லணும். கம்பெனிகள் போனாலும் அங்கே வேலை பார்த்த பசங்க போகவில்லை. ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்து, தினமும் கோபுரம் ஏறி இறங்கி, சத்தத்தை வைத்தே பேரிங் எதுவென்று சொல்பவர்கள். அவர்கள் தனியாகச் சர்வீஸ் ஆரம்பித்தார்கள். ஜெனரேட்டர் ரீவைண்டிங், கியர் பல் வெட்டுவது, இறக்கைக்கு ஃபைபர் ஒட்டுவது எல்லாம் உள்ளூரிலேயே நடக்கிறது. கம்பெனி கைவிட்ட இயந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன என்றால் அந்தக் கைகளால்தான். மாட்டு வண்டிச் சக்கரக் காத்தாடிக்கு ஊர் ஆசாரி இருந்தார் அல்லவா, அதே கதைதான், கொஞ்சம் உயரத்தில்.

இந்தச் சந்தையின் மதிப்பு பெரிய கம்பெனிகளுக்கும் புரிந்துவிட்டது. எந்தக் கம்பெனி இயந்திரமானாலும் பராமரிக்கும் ரினோம் நிறுவனத்தின் பெரும்பங்கை 2024இல் சுஸ்லான் வாங்க முடிவு செய்தது அதனால்தான்.

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சொல்வது சுருக்கமாக:

1. வாரண்டி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, விற்ற கம்பெனியைச் சேராத ஒருவரை வைத்து முழுச் சோதனை. எண்ணெயில் இரும்புத் துகள், கியர் பல்லுக்குள் கேமரா, இறக்கையில் இடி விழுந்த தடம், போல்ட் முறுக்கு, ஜெனரேட்டர் இன்சுலேஷன். கண்டதை எழுத்தில் கொடுத்து வாரண்டியிலேயே சரிசெய்யச் சொல்லணும். ஒரு நாள் தாண்டினால் நம் காசு.

2. வரைபடம், பாஸ்வேர்டு, முழுப் பழுதுப் பதிவு எல்லாம் கைக்கு வரணும். இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது சர்வீஸ் பதிவைத்தான்.

3. ஒப்பந்தத்தில் எது அடங்கும் எது அடங்காது என்று பார்க்கணும். "எல்லாம் அடக்கம்" என்ற ஒப்பந்தத்தில் கிரேன் வாடகை அடங்காமல் போகலாம்.

4. பெரிய வேலை எதுவானாலும் தையில் ஆரம்பித்து சித்திரைக்குள் முடிக்கணும்.

இனி?

தமிழ்நாட்டில் நிறுவப்பட்ட காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதில் கணிசமானவை 20 வயசைத் தாண்டிய கிழங்கள். நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்களில் உட்கார்ந்திருப்பவையும் இந்தக் கிழங்கள்தான், முதலில் வந்தவர்கள் நல்ல இடம் பிடித்தார்கள். மத்திய அரசு 2016இலும் 2023இலும், தமிழக அரசு 2024இலும் கொள்கை வெளியிட்டன. பழையதை எடுத்துவிட்டுப் புதிது நடு, அல்லது புதுப்பித்து ஆயுளை நீட்டு என்பது சாரம்.

கேட்க எளிது. பெரிய இயந்திரத்துக்கு இடைவெளி அதிகம் வேண்டும், பழைய நாலு காத்தாடி இருந்த இடத்தில் ஒன்றுதான் நடமுடியும். அந்த நாலுக்கும் நாலு முதலாளி இருந்தால்? ஒருவர் கோவை மில், ஒருவர் மதுரை டாக்டர், ஒருவர் இறந்து பிள்ளைகள் பாகப்பிரிவினையில் இருக்கிறார்கள். மறுபடியும் அதே பாடம், கூடிச் செய்தால் உண்டு, தனித்தனியாக நின்றால் துருதான் மிச்சம்.

என் கருத்து இதுதான். இந்த நாற்பது வருஷத்தில் நாம் காத்தாடியை வாங்கக் கற்றுக்கொண்டோம். கம்பெனி போனாலும் ஓடவைக்கக் கற்றுக்கொண்டோம், அது பெருமையான விஷயம். உடைந்ததை ஒருவருக்கொருவர் சொல்லத்தான் இன்னும் கற்கவில்லை. அதற்குக் கிரேன் வேண்டாம், வரிச்சலுகை வேண்டாம், வாய் திறந்தால் போதும்.

உங்க ஊர்ப் பக்கம், உங்க சொந்தக்காரர் யாராவது காத்தாடி வச்சிருந்தா, இல்லை அதில் ஏறி வேலை பார்த்தா, அவர்கிட்ட கேட்டு எழுதுங்க மக்களே. கயத்தாறு, ஆண்டிபட்டி, உடுமலை, எந்த ஊர்க் கதையா இருந்தாலும் சரி. படிக்க நான் ரெடி.